மண் டின்னும் தண்ணீர் டின்னும்

கங்கோங் கீரையை ஆய்ந்துவிட்டு அம்மா ஒதுக்கிப்போட்ட தண்டுகள், கிணற்றடி வாளியில் நாலைந்து நாள் மிதந்துகொண்டிருந்தன. வாளியைக் கவிழ்க்கப் போனபோதுதான் பார்த்தேன். கணுவுக்குக் கணு வெள்ளை வேர், மண்ணே இல்லாமல். பள்ளிப் புத்தகத்தில், உப்புகள் கரைத்த நீரில் செடி நிற்கும் கண்ணாடி ஜாடியின் படம் ஒன்று உண்டு. பரீட்சைக்காக அதை மனப்பாடம் செய்திருந்தேனே தவிர, நம்பியதில்லை.

ஜப்பான்காரன் வந்தபின் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. வயதுப் பெண் என்று வாசலைத் தாண்டவும் விடமாட்டார்கள். காஜா பெராங் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுப் பின்கட்டு முழுக்கச் சிமெண்டு. இருந்த ஒரு பாய் அகல மண்ணில் மரவள்ளி நின்றது. அண்ணியோ கைக்குழந்தைக்காரி. அரிசி கிடைக்காமல் மரவள்ளியே சாப்பாடாகிவிட, அவருக்குக் கால் வீங்கத் தொடங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். "தினமும் கீரை குடுங்கம்மா, இல்லாட்டிப் பாலும் வத்திடும்" என்று வைத்தியம் பார்க்க வந்த ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் சொல்லிவிட்டுப் போனார். பாசாரில் கீரை ஒருநாள் இருந்தால் மூன்று நாள் இருக்காது.

அண்ணன் இரண்டு மண்ணெண்ணெய் டின்களை வெட்டிக் கொடுத்தார். ஒன்றில் மரவள்ளி ஓரத்து மண். மற்றதில் கிணற்றுத் தண்ணீர், அதில் துணியில் வடிகட்டிய சாம்பல் நீரும் ஆட்டுப்புழுக்கை ஊறலும் கொஞ்சம். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு தண்டுகள்.

"கீரைக்குப் பாடம் நடத்துறியா?" என்றார் அண்ணி.

"பரீட்சை வைக்கிறேன் அண்ணி. மார்க்கு நீங்கதான் போடணும்."

தண்ணீர்க் கங்கோங் ஓடியது. மண்ணில் இருந்தது இரண்டாவது இலைக்கே யோசித்துக்கொண்டிருந்தபோது, இதை ஒருமுறை அறுத்தே விட்டோம். பிறகு மண் கீரையும் வந்தது, கரும்பச்சையாக, தண்டு சற்று முரடாக.

அண்ணி இரண்டையும் தின்று பார்த்தார். "தண்ணிக் கீரை வாயில வச்சதும் போயிடுது. மண்ணுதான் ருசி. ஆனா எனக்கு ருசியா முக்கியம்? எது சீக்கிரம் வருதோ அதைப் போடு."

அந்தச் சமயம் பார்த்துத் தண்ணீர் டின் நாறியது. இலைகள் மஞ்சளாகி, வேர் கொழகொழத்துப் போயிற்று. சாம்பல் அதிகமோ என்று குறைத்தேன், பயனில்லை. ஒருநாள் காலையில் அம்மா சட்டியோடு வந்து, மரவள்ளி கழுவிய தண்ணீரை இரண்டு டின்னிலும் பங்குபோட்டு ஊற்றினார்.

"என்னம்மா செய்றீங்க?"

"அரிசி கழுவுன தண்ணிய செடிக்குத்தானே ஊத்துவோம்? அரிசி இல்ல, அதான் இது. ஒரு வாரமா ஊத்துறேன். படிச்ச புள்ளைக்குக் கண்ணு தெரியல."

கோபிக்க முடியவில்லை. மண் அந்த மாவுத் தண்ணீரை விழுங்கிச் செழித்திருந்தது. தண்ணீரிலோ அது அப்படியே தங்கிப் புளித்திருந்தது. டின்னைக் கவிழ்த்தேன். அந்த வாரம் அண்ணிக்குக் கிடைத்தது மண் டின்னின் ஒரு பிடிக் கீரைதான். வீக்கம் கணுக்காலைத் தாண்டியது.

இனி மூன்று தண்ணீர் டின் வைத்து, ஒவ்வொன்றையும் இரண்டு நாள் இடைவெளியில் அறுக்க வேண்டும். தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டும், அம்மா ஊற்ற முடியாதபடி மேலே, தண்டுக்கு மட்டும் துளை விட்ட பலகையும் போட வேண்டும். ஒன்றில் மட்டும் மணல் நிரப்பி, ருசியும் வேகமும் சேர்ந்து வருமா என்று பார்க்கலாம் என்று தோன்றியது. வேலைக்குக் கிளம்பிய அண்ணனை வாசலில் நிறுத்தினேன்.

"வரும்போது ஒரு மூட்டை மணல் கொண்டாங்கண்ணே. கிளேபாங் கடல் மணல் வேணாம், உப்பு. ஆத்து மணலா பாருங்க."