கேழ்வரகு மாவில் ஓர் ஈரக்கோடு

இன்று பேளுக்குறிச்சிப் பட்டறையில் அப்பாவின் பழைய கார் தண்ணீரை ஒழுக்கி ஆவி கக்கியபோது, அந்தத் துருவாடை என்னைக் கொல்லிமலைச் சாலையின் ஒரு வளைவுக்குக் கொண்டுபோய்விட்டது.

சாலையை அகலப்படுத்தியதில் காணாமல்போன அந்த வளைவில், மூங்கில் குழாய் வழியே ஊற்றுநீர் சளசளவென்று விழும் ஒரு கல்தொட்டியும், மலையேறும் வண்டிகள் மூச்சுவாங்க நிற்கும்போதெல்லாம் கூழ் விற்கும் பொன்னாயி அக்காவின் கீற்றுக் கொட்டகையும் இருந்தன. பல வருடங்களுக்கு முன், இதே கார் அங்கே ஆவி கக்கி நிற்க, ஏற்றத்தையும் ரேடியேட்டரையும் அப்பா மாறிமாறித் திட்டிக்கொண்டிருந்த ஒருநாள், அக்கா பானையில் விரிசல் எங்கே என்று கண்டுபிடிக்கச் செய்வதுபோலவே ஆறிய என்ஜினைத் துடைத்து, ஒரு பிடி கேழ்வரகு மாவைத் தூவி, ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றச் சொன்னார்.

"பொறுங்க சாமி, மாவு எங்க கறுக்குதோ அங்கதானுங்க ஓட்டை."

வாட்டர் பம்ப்புக்கு அடியில் ஒரு கரிய கோடு மெல்ல இறங்கியது.

"இஞ்சினே போச்சுங்க, வண்டிய ஒடைக்கத்தான் போடோணும்" என்று இன்று மெக்கானிக் கைவிரித்ததும், எதிர்க்கடையில் கேழ்வரகு மாவு வாங்கிவந்து, ஆறிய என்ஜினைத் துடைத்து நானும் தூவித் தண்ணீர் ஊற்றினேன். அதே இடம், அதே கோடு.

"அட, பம்ப்புதானுங்க! மாத்துனா நாளைக்கே மலையேறிரும்" என்று சிரித்தவர், "இத எங்கீங்க படிச்சீங்க?" என்றார்.

நான் மலையைக் காட்டினேன்.