செங்கல் மேல் நின்ற ஆம்புலன்ஸ்

உலகச் சண்டை முடிந்த பிறகு பட்டாளத்தார் தங்கள் பழைய வண்டிகளை ஏலம் விட்டார்கள். ஜீப்பு எடுத்தவர்கள் பெரிய மனிதர்கள் ஆனார்கள். லாரி எடுத்தவர்கள் முதலாளி ஆனார்கள். நான் எடுத்தது ஒரு ஆம்புலன்ஸ். குடித்தனக்காரன் ஆனேன்.

எனக்கு லாரி ரிப்பேர் தொழில். துறைமுகத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் போகிற சாலையில் எந்த லாரி எங்கே படுத்துக்கொள்ளும் என்பது அந்த லாரிக்கே தெரியாது. படுத்த இடத்துக்கு நான் போக வேண்டும். இப்படி அலைகிறவனுக்கு ஒரே இடத்தில் வீடு எதற்கு, அதுவும் வாடகைக்கு வீடே கிடைக்காத இந்த நாளில், என்று யோசித்தேன். நான் யோசித்துச் செய்த காரியங்கள் எல்லாம் இந்த ரகம்தான்.

உள்ளே இரண்டு பக்கமும் ஸ்ட்ரெச்சர் மாட்டுகிற இரும்புச் சட்டங்கள் இருந்தன. கீழ்ச் சட்டத்தில் இரண்டு ஸ்ட்ரெச்சர். அவை எங்கள் கட்டில். மேல் சட்டத்தில் பலகை போட்டு ஒரு பக்கம் மனைவியின் பாத்திரங்கள், மறுபக்கம் என் சாமான்கள். நடுவே எல்லை எதுவும் கிடையாது. இரண்டு நாளாக நான் தேடிக்கொண்டிருந்த வால்வு ஸ்பிரிங் மூன்றாம் நாள் ரசத்தில் கிடைத்தது. "புளி கரைக்கையிலேயே என்னமோ கையில உறுத்துச்சு, கொட்டைன்னு நெனச்சேன்" என்றாள். துடைத்து லாரியில் பூட்டினேன். அந்த லாரி அப்புறம் நன்றாகத்தான் ஓடியது.

மனைவி தெற்கத்திக்காரி. எனக்கும் பூர்வீகம் அந்தப் பக்கம்தான். ஆனால் பிறந்து வளர்ந்தது ராயபுரம். நான் வாயைத் திறந்தால் ராயபுரம் வரும், அவள் திறந்தால் திருநெல்வேலி வரும். ஆறடி அகலமுள்ள வண்டிக்குள் எங்களுக்கிடையே எப்போதும் ஒரு ராத்திரி ரயில் தூரம் இருந்தது.

வேலைக்குக் கூப்பிட ஆள் வந்தால் நான் முன்னால் ஏறி உட்கார்ந்து, "வூடு கெளம்புது!" என்று கத்துவேன். "இருங்க, உலைய எறக்கிக்கிடுதேன்" என்று பின்னாலிருந்து பதில் வரும். பதில் வந்த பிறகுதான் கியர் போட வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். அதை நான் இரண்டு தடவை மீறியிருக்கிறேன். முதல் தடவை சோறு கொட்டியது. இரண்டாம் தடவை அவள் வண்டியிலேயே இல்லை. குழாயடியிலிருந்து குடத்தோடு வந்து பார்த்திருக்கிறாள், வீட்டைக் காணோம். நான் எண்ணூரில் ஒரு லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு, "அந்தச் சின்ன ஸ்பானர எடும்மா" என்று மூன்று தரம் கேட்டு, நாலாம் தரம் கோபப்பட்டு, அதற்குப் பிறகுதான் பயந்தேன்.

இன்னொரு தொல்லை சிலுவை. வண்டியின் இரண்டு பக்கமும் இருந்த சிவப்புச் சிலுவைகளின் மேல் பச்சைப் பெயிண்ட் அடித்துத்தான் விற்றார்கள். மழை பெய்தால் சிவப்பு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். உடனே யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள்.

"நைனா, எங்க மச்சான் மயக்கம் போட்டு வுளுந்துட்டான். வண்டிய எடு."

"இது ஆம்புலன்ஸ் இல்லப்பா. வூடு."

"அப்ப இன்னாத்துக்கு சிலுவ போட்டுகினு கீறே?"

நியாயமான கேள்வி. ஆளை ஏற்றிப் போய் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வருவேன். மனைவி ஒரு ஓரமாக ஒதுங்கி, மயக்கம் போட்டவனுக்கு மோர் கொடுப்பாள்.

இப்படி இருக்கையில் அவளுக்கு மாசமாயிற்று. முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவளுக்குத் தாய் இல்லை. தாய்வீடு என்று இருந்தது, பிழைக்க வந்த அவள் அப்பா ராயபுரத்தில் வைத்திருந்த மளிகை மண்டிக்கு மேலே ஓர் அறை. பாதி அறையில் மிளகாய் மூட்டை. "ரெண்டு பேரும் தும்மிக்கிட்டே கெடக்கணும். நான் போவல" என்று சொல்லிவிட்டாள். வண்டியிலேயே பிரசவம் என்று முடிவாயிற்று.

திருவொற்றியூர் சந்தைப் பக்கத்தில் ஒரு நர்சம்மா இருந்தார். ராயபுரத்து மாதா கோயில் குடும்பம். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடுகளுக்கு வந்து பிரசவம் பார்ப்பார். போய்ச் சொன்னேன். நோட்டை எடுத்தார்.

"வூட்டு நம்பர் இன்னாப்பா?"

வண்டியின் நம்பர் பிளேட்டில் இருந்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

"வூடு எங்க கீது?"

"இன்னிக்கா, நாளைக்கா?"

நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எனக்கு அது தெரிந்தால்தானே பதில் சொல்ல முடியும்? அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தோ பாரு. நான் வர அன்னிக்கு வூடு ஒரே எடத்துல இருக்கணும். உன் வூட்டத் தேடிகினு எண்ணூருக்கும் காசிமேட்டுக்கும் ஓட என்னால ஆவாது. பொண்ணுக்கும் ஆவாது. புரியுதா?"

புரிந்தது. அளவுக்கு மேலேயே புரிந்துவிட்டது. வேறொருவனாக இருந்தால் வண்டியை ஒரு நல்ல இடத்தில் நிறுத்திச் சாவியை மனைவியிடம் கொடுத்திருப்பான். நான் என்னை அறிந்தவன். குழாயடியில் வீட்டைத் தொலைத்தவள் ஒன்பதாம் மாதத்தில் இன்னொரு தரம் தொலைக்கக் கூடாது. ஆகவே திருவொற்றியூர்த் தேரடிக்குக் கிழக்கே, கடலைப் பார்த்த ஒரு காலி மனையில் வண்டியை நிறுத்தினேன். ஜாக்கி போட்டுத் தூக்கினேன். கீழே செங்கல் அடுக்கினேன். நாலு சக்கரத்தையும் கழற்றினேன்.

மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து பார்த்தாள்.

"சக்கரத்த எதுக்குக் கழத்துதீங்க?"

"நீ பயப்படாதே."

"பயப்படுதது நானா?"

எனக்கு ஒரு சிநேகிதன் உண்டு. எண்ணூர்ப் பக்கத்து உப்பளங்களிலிருந்து துறைமுகத்துக்கு உப்பு மூட்டை ஏற்றிப் போகிற லாரிக்காரன். அவன் லாரியும் அதே பட்டாளத்து ஏலம்தான். என் சக்கரமும் அவன் சக்கரமும் ஒரே அளவு. செங்கல் மேல் நின்ற வீட்டைச் சுற்றி வந்து பார்த்தான்.

"தேராவது வருசத்துக்கு ஒரு வாட்டி ஓடும் மாமு. உன் வூடு அதுகூட இல்ல."

"புள்ள பொறக்கறவரைக்கும்தான்."

"அப்ப இந்த நாலு டயரும் சும்மாதானே குந்திகினு கீது? என்னுது நாலும் கிழிஞ்சி தொங்குது. ஒரு மாசம் ஓட்டிட்டுத் தரேன்."

அன்றைக்கு டயர் கிடைப்பது குதிரைக்கொம்பு. யோசித்தேன். என் யோசனையைப் பற்றித்தான் மேலே சொல்லியிருக்கிறேனே. சக்கரம் பக்கத்தில் கிடந்தால் என்றாவது ஒரு நாள் நானே பூட்டிக்கொண்டு கிளம்பினாலும் கிளம்புவேன். ஆகவே நாலையும் கொடுத்தேன். ஸ்டெப்னியையும் கொடுத்தேன். அதன் பிறகு நான் சைக்கிளில் வேலைக்குப் போனேன், என் வீட்டுச் சக்கரங்கள் தினமும் ஆலையில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதுகிற நேரத்துக்கு உப்பு ஏற்றிக்கொண்டு என்னைத் தாண்டிப் போயின. சிநேகிதன் ஹாரன் அடிப்பான். மனைவி வண்டிக் கதவில் நின்று சாலையில் போகிற சக்கரத்தைப் பார்ப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த நாள் வந்தது. காலை பத்து மணிக்கு வலி எடுத்தது. நான் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சைக்கிளில் பறந்தேன். பாதி தூரம் போன பிறகு சைக்கிள் என்னுடையது இல்லை என்று தெரிந்தது. நர்சம்மா பையோடு ரிக்‌ஷாவில் வந்தார். வீடு அவர் நோட்டில் எழுதிய இடத்தில், எழுதிய நம்பரோடு, செங்கல் மேல் அசையாமல் நின்றது. எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை கால்மணி நேரம் இருந்தது.

உள்ளே போய்ப் பார்த்த நர்சம்மா கதவைத் திறந்து இறங்கினார்.

"புள்ள சரியா இல்லப்பா. தல மேல கீது."

"தல மேலதானே இருக்கணும்?"

"வவுத்துக்குள்ள தல கீழதான்யா இருக்கணும். உன் புள்ள நேரா குந்திகினு கீது. நான் போன வாரம் பாத்தப்ப திரும்பிடும்னு நெனச்சேன். இங்க வச்சிப் பாக்க முடியாது. ரெண்டு உசுரு. ராயபுரத்துக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும். இப்பவே."

எங்கள் வம்சத்தில் யாரும் நேராக இருந்ததில்லை. இருந்த ஒரே ஆளும் நேரம் பார்த்து இருந்தது.

"ஜட்கா பேசட்டுமா?"

"குதிர வண்டில குலுக்கிகினா? படுக்க வச்சி எடுத்துகினு போவணும்." நர்சம்மா வண்டியைப் பார்த்தார். ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார். முந்தின வாரத்து மழையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சிலுவையைப் பார்த்தார். "இன்னா நிக்கறே? வண்டிய எடு."

நான் ஏறி உட்கார்ந்தேன். சக்கரம் இல்லை என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் தெரிந்தது தலைக்கு, உட்கார்ந்தது உடம்பு. செல்ஃபை அழுத்தினேன். எஞ்சின் ஒரே அழுத்தில் பிடித்துக்கொண்டது. கியர் போட்டேன். பின்பக்கத்து டிரம் இரண்டும் அந்தரத்தில் சுற்றின. இருபது மைல் வேகத்தில் நாங்கள் நின்ற இடத்திலேயே இருந்தோம். பின்னாலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு குரல் வந்தது.

"ஏங்க, எங்க போறீங்க?"

எஞ்சினை நிறுத்தினேன். நர்சம்மா குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். செங்கல்லைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வூடு ஒரே எடத்துல இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க நர்சம்மா" என்றேன்.

"சக்கரத்தக் கழட்டுன்னு சொன்னனாய்யா, பேமானி?"

கையில் ஒரு ஸ்பானரோடு பெரிய சாலைக்கு ஓடினேன். ஸ்பானர் ஏன் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, யார அடிக்கப் போறே?"

"ஆம்புலன்ஸ் வேணும்! அவசரம்!"

அவர் நிதானமாக டீயை ஆற்றினார். "தேரடியாண்ட ஒண்ணு நிக்குதே, பச்சக் கலர்ல. அதுல ஒருத்தன் பொண்டாட்டியோட குடியிருக்கான். நல்ல ஆளு, கேட்டா வருவான்."

புதுக் கடை. என்னை அவருக்குத் தெரியாது. ரெண்டு உசுரு, ரெண்டு உசுரு என்று நர்சம்மாவின் குரலே காதில் இருந்தது. அப்போது ஆலைச் சங்கு ஊதியது. பன்னிரண்டு மணி. வடக்கே பார்த்தேன். புழுதிக்குள்ளிருந்து என் வீட்டின் சக்கரங்கள் வந்துகொண்டிருந்தன.

நடுச்சாலையில் போய் நின்றேன். லாரி என் வயிற்றுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

"டயர திருப்பிக் கேக்கறதுக்கு இப்டியா மாமு வந்து நிப்பே?"

சொன்னேன். அவன் உடனே லாரியைக் காலி மனைக்குள் இறக்கினான். உப்பு மூட்டைகளை மேலே சமமாகப் பரப்பினான். டீக்கடைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். அவள் படுத்திருந்த ஸ்ட்ரெச்சரைச் சட்டத்திலிருந்து கழற்றித் தூக்கினோம். பட்டாளத்தார் எதற்காகச் செய்தார்களோ அந்த வேலையை அது அன்றைக்குத்தான் எங்களிடம் முதல் தடவையாகச் செய்தது. மேலே ஏற்றும்போது மனைவி தலையைச் சாய்த்துக் கீழே பார்த்தாள்.

"இது நம்ம சக்கரமுல்லா?"

"ஆமா."

"வீடு வரலைன்னாலும் சக்கரம் வந்துட்டு" என்றாள். அடுத்த வலி வந்து என் கையைப் பிடித்தது. ஸ்பானர் இன்னும் அந்தக் கையில்தான் இருந்தது.

நர்சம்மா ஒரு பக்கம், வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு நான் ஒரு பக்கம். சிநேகிதன் எஞ்சினை உயிர்ப்பித்தான். பழக்கம் யாரை விட்டது? "வூடு கெளம்புது!" என்று கத்தினேன். கத்திய பிறகு எனக்கே வெட்கமாயிற்று. சிநேகிதன் கியரில் கை வைத்துத் திரும்பிப் பார்த்தான். அவள் கண்ணை மூடியிருந்தாள். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் ஒரு பதிலுக்கு நான் காத்திருந்ததில்லை.

"இருங்க" என்றாள். வலி போகட்டும் என்று காத்தாள். "ம். இப்ப போகச் சொல்லுங்க."

வழியெல்லாம் சிநேகிதன், "பள்ளம் வருது!" என்று முன்னாலேயே சொல்லிச் சொல்லி ஓட்டினான். சொன்ன பள்ளங்களில் எல்லாம் லாரி ஆடவே இல்லை. நான்தான் ஆடினேன்.

மூன்று மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கால் முதலில் வந்ததாம். தாயும் பிள்ளையும் நலம் என்று நர்சம்மா வந்து சொன்னபோது நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் எழுதுகிறவர் வீட்டு நம்பர் கேட்டார். நர்சம்மா நோட்டைப் பார்க்காமலே நம்பர் பிளேட்டைச் சொன்னார். அவர் எழுதிக்கொண்டு, "தெரு?" என்றார்.

"அது மாறும் சார்" என்றேன். நர்சம்மா என்னை நகர்ந்து நிற்கச் சொன்னார்.

பத்து நாள் கழித்துத் தாயும் பிள்ளையும் தேரடிக்கு வந்து சேர்ந்தார்கள். சிநேகிதன் சக்கரங்களை முந்தின நாளே கொண்டுவந்து போட்டிருந்தான். கூடவே ஒரு சின்ன உப்பு மூட்டை. "வவுத்துல இருக்கசொல்லவே உப்பு மூட்ட ஏறின கொழந்த மாமு. அதுக்கு என்னோட சீர்." எவன் முதுகிலும் ஏறாமல் உப்பு மூட்டை ஆடியவள் எங்கள் பெண் ஒருத்திதான்.

மனைவி வண்டிக்குள் ஏறவில்லை. குழந்தையோடு பூவரச மரத்து நிழலில் உட்கார்ந்தாள்.

"வெயில் ஏறுது. உள்ள வா."

"மொதல்ல அதப் பூட்டுங்க."

நாலையும் பூட்டினேன். ஒவ்வொரு நட்டையும் முறுக்கும்போது அவள் எண்ணினாள். செங்கல்லை எடுத்தேன். வண்டி தரையில் இறங்கி ஒரு பெருமூச்சு விட்டது. அவள் எழுந்து வந்து டயரைக் காலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்தாள். பிறகு உப்பு மூட்டையை முதலில் உள்ளே வைக்கச் சொன்னாள், புது வீட்டுக்குப் போகிறவர்கள் செய்கிற மாதிரி. அதற்குப் பிறகுதான் குழந்தையோடு ஏறினாள்.

அந்த நேரம் பார்த்து ஓர் ஆள் ஓடிவந்தான். எண்ணூரில் ஒரு லாரி படுத்துவிட்டதாம், முதலாளி கத்துகிறாராம். முன்னால் ஏறி உட்கார்ந்து, "வூடு கெளம்புது!" என்றேன்.

"இருங்க, இவ பால் குடிக்கா."

சட்டப்படி காத்திருந்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. லாரி எண்ணூரில்தானே படுத்திருந்தது. அது பாட்டுக்குப் படுத்திருக்கட்டும்.