கேலி என்று நினைத்தோம்

யுத்த காலத்தில் மலேரியாவுக்கான கொயினா மாத்திரை குதிரைக்கொம்பாக இருந்தது. எழுமலையில் பள்ளி வாத்தியாராக இருந்த என் தங்கை கணவருக்கு மலேரியா விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று தங்கை அவரை மதுரைக்கு, என் வீட்டுக்கு, அழைத்துவந்தாள். வந்த வேளை காய்ச்சல் தணிந்திருந்தது. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று இலை போட்டோம்.

மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் வாரிக்கொள்ளாவிட்டால், எங்கள் பக்கத்தில், ஏதோ மனத்தாங்கல் என்று அர்த்தம். இவரோ பரம சாது. கல்யாணமான நாள் முதல் கேலி பேசும் பொறுப்பு முழுவதும் என் தலையிலேயே விழுந்திருந்தது. பத்திரிகையில் நாலு நகைச்சுவைக் கட்டுரை எழுதியவன் என்ற மிதப்பு வேறு எனக்கு.

"என்ன மாப்ள, கொசு தின்னது போக மிச்சம் இம்புட்டுத்தானா?" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ யாருய்யா? எங்க வீட்டுல உனக்கு என்ன சோலி?"

எனக்குப் புல்லரித்தது. கடைசியில் மாப்பிள்ளைக்கு வாய் முளைத்துவிட்டதே! "சமையக்காரனுங்க எசமான்" என்று கைகட்டினேன். வீடே சிரித்தது.

பரிமாற வந்த தங்கையின் கையைத் தட்டிவிட்டு, "இந்தம்மா யாரு?" என்றார்.

"அது சரி! மதுரை மண்ண மிதிச்சதும் பொண்டாட்டி மறந்துபோச்சாக்கும்" என்றாள் அவள். எங்களில் அதிகம் சிரித்தது அவள்தான்.

சிரிப்பு அடங்குவதற்குள் அவருக்குப் பல் கிட்டியது. கண் மேலே செருகி, இலைமேலேயே சாய்ந்தார். யாரோ சாவிக்கொத்தை எடுத்து அவர் கையில் திணித்தார்கள். இழுப்பு நிற்கவில்லை. நான் படித்த புத்தகங்கள் அலமாரி நிறைய இருந்தன. அந்த நேரத்துக்கு அவை சாவிக்கொத்து அளவுக்குக்கூட உதவவில்லை. குதிரை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம்.

"மலேரியா மூளைக்கு ஏறிருச்சு" என்றார் டாக்டர். கொயினாவை ஊசியில் ஏற்றிக்கொண்டே, "எப்பலேருந்து தடுமாறிப் பேசுறார்?" என்று கேட்டார்.

தடுமாற்றம் எது, கேலி எது என்று எங்கள் குடும்பத்தில் யார் பிரித்துப் பார்த்தது? "சாப்பிடும்போதுங்க... நல்லாத்தான் பேசினார்" என்று உளறினேன். டாக்டர் என்னையும் ஒருமுறை நாடி பார்ப்பதுபோல் பார்த்தார்.

மாப்பிள்ளை கண் திறக்கவேயில்லை. மறுநாள் பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது.

காரியமெல்லாம் ஆனபின் தங்கை என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, அவுக கடைசியாப் புத்தியோட பேசுனது எதுண்ணே?"

யோசித்தேன். "வாசல்ல நுழையும்போது, 'செருப்ப எங்க விடட்டும்'னு கேட்டாரும்மா."

"அது புத்தியோட கேட்டதுதானே?"

பல வருஷமாக வந்துபோகிற வீடு. செருப்பு விடுகிற இடம் அவருக்குத் தெரியாதா?

"ஆமாம்மா" என்றேன்.