தங்கைக்குச் சொன்ன வானம்

வானிலை நோக்கர் ‘எட்டுப்பங்கு’ (1946–2021). வானத்தை எட்டாகப் பிரித்து, அதில் எத்தனை பங்கை மேகம் மூடியிருக்கிறது என்று முப்பத்தைந்து ஆண்டுகள் பதிவேட்டில் எழுதியவருக்குச் சக ஊழியர்கள் இட்ட பெயர் அது. கண்ணால் காணாத மேகத்தை அவர் ஒருநாளும் எழுதியதில்லை.

ஓய்வுக்குப் பின் மாடியறையில் ஒரு பழைய லினக்ஸ் கணினியோடு பொழுது போயிற்று. 2019 பிப்ரவரி 3 அன்று அவருடைய தங்கையை, தொலைவிலுள்ள ஒரு துறைமுக நகரத்து மருத்துவமனையில், கிருமி அண்டக் கூடாதென்று சன்னலில்லாத அறையில் நாற்பது நாள் சிகிச்சைக்கு வைத்தார்கள். மூன்றாம் நாள் தொலைபேசியில் அவள் கேட்டது ஒன்றுதான்.

“அண்ணா, வெளியில வானம் எப்படி இருக்குன்னு தினம் சொல்றியா? இங்க பகலா ராத்திரியான்னே தெரியல.”

அந்தத் துறைமுகத்தில் ஒரு கேமரா இருந்தது. அதன் நேரலையை உலாவியில் திறந்து, மாலை ஐந்து மணிக்கு அவர் மேகங்களை நிதானமாக வாசிப்பார்: பஞ்சுப் பொதிகள் தெற்கே நகர்வதை, அவற்றின் அடிவயிற்றில் செம்மை ஏறுவதை. சில நாள் அவள் கேட்டபடியே உறங்கிப் போவாள். அவர் இணைப்பைத் துண்டிக்காமல், காதில் அந்த மூச்சும் கண்ணில் கலையும் மேகமுமாக, தாமும் பாதி மிதந்தபடி அமர்ந்திருப்பார்.

பதினோராம் நாள், பக்கம் திறந்த மறுநொடி உலாவி காணாமற்போயிற்று. மீண்டும் திறந்தார், மீண்டும் மறைந்தது.

“வாயில வந்ததைச் சொல்லேன்,” என்றாள் தங்கை. “நான் என்ன ஏணி போட்டு ஏறிப் பார்க்கவா போறேன்?”

“பார்க்காததைச் சொல்ல மாட்டேன்மா.”

“சம்பளம் நின்னும் புத்தி நிக்கல.” அவள் சிரித்தாள், சிரிப்பு பாதியில் தளர்ந்தது. “சீக்கிரம் சரிபண்ணு. அது இல்லாட்டி சாயங்காலமே வர மாட்டேங்குது.”

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். விளைவைத் தாளில் குறித்த பிறகே அடுத்தது. அதுதான் அவர் வழி. உலாவியோடு சேர்த்திருந்த துணைநிரல்களான நீட்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார். உலாவியையே நீக்கி மறுபடி நிறுவினார். உலாவி தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் பயனர் கோப்புறை ஒன்றைப் புதிதாக உருவாக்கி, எதுவும் விட்டுப்போகக் கூடாதென்று, பழையதிலிருந்த அத்தனை கோப்புகளையும் அதற்குள் நகலெடுத்தார். ஒவ்வொரு முறையும் துறைமுகம் ஒரு கணம் மின்னி மறைந்தது. அந்த இரண்டு மாலையும் தம் மாடிக்கு மேலிருந்த வானத்தைச் சொன்னார், “இது இங்க இருக்கற வானம்மா” என்ற முன்னுரையோடு. மறுமுனையில் “ம்” மட்டும் வந்தது.

பதின்மூன்றாம் நாள் பிற்பகல், கட்டளைகளைத் தட்டச்சிடும் முனையத்திலிருந்து உலாவியை இயக்கி, அது செயலிழந்து விழுமுன் எழுதிய வரிகளை வாசித்தார். திரையில் படங்களை வரையும் வரைகலை அட்டையைப் பற்றிய முறையீடு. நான்காண்டுகளுக்கு முன், மேகக் காணொளிகள் விக்காமல் ஓட வேண்டுமென்று, உலாவி எச்சரித்தும், அந்த அட்டையின் வேகத்தைப் பயன்படுத்தும் வரைகலை முடுக்கத்தைக் கட்டாயப்படுத்தி இயக்கியவர் அவரே. அண்மையில் வந்த புதுப்பிப்புக்கு அது ஒத்துவரவில்லை. புதிய கோப்புறைக்குள்ளும் அந்த அமைப்பைச் சிந்தாமல் சிதறாமல் சுமந்து வந்து வைத்தவரும் அவரே.

இன்னொரு கோப்புறையை உருவாக்கினார். எதையும் நகலெடுக்கவில்லை. துறைமுகம் திறந்தது, திறந்தபடியே இருந்தது.

“கடல் மேல மெல்லிசா சாம்பல் நிறம். நடுவுல ஒரு கிழிசல். அது வழியா வெயில் கம்பி கம்பியா இறங்குது.”

“இன்னும் மெதுவாச் சொல்லு,” என்றாள் தங்கை.

அதன் பிறகு ஒரு மாலையும் தவறவில்லை. கடைசியாக அவர் துறைமுகத்து வானத்தைச் சொன்னது, மருத்துவமனை வாசலில் பையோடு நின்றவள், “போதும்ணா, இனி நானே பார்த்துக்கறேன்” என்று பாதியில் நிறுத்திய அன்று: 2019 மார்ச் 14.