மகளிடம் பொய் சொல்லாத மருதம்மாள்

பெற்ற பிள்ளையிடம் போய் யாராவது இதைச் சொல்வார்களா? மருதம்மாள் சொன்னாள். கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் தலையில் நறுக்கென்று குட்டலாம் போலிருந்தது.

ஜப்பான்காரன் காலம். மலாயாவில் பாடாங் செராய்க்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எனக்கும் அவளுக்கும் அடுத்தடுத்த லயத்து வீடு. சயாமில் ரயில் பாதை போட ஆம்பளைகளை லாரியில் அள்ளிக்கொண்டு போனார்கள். என் வீட்டுக்காரரை ஏற்றிய லாரி போனது போனதுதான், ஒரு தகவலும் இல்லை. அதைப் பார்த்துப் பயந்துபோய்த்தான் மருதம்மாள் தன் புருஷன் பக்கிரிசாமியைச் சதுப்புக்காட்டில் ஒளித்து வைத்தாள். புக்கிட் செலம்பாவ் ஊருக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு செத்துப்போனார் என்று, தோட்டத்தில் எங்களை வேலை வாங்கும் மண்டோரிடம் அழுதாள். சும்மா அழுதால் நம்புவார்களா? பொட்டை அழித்தாள். தாலியைக் கழற்றி இடுப்பில் முடிந்துகொண்டாள்.

மகள் புஷ்பவள்ளி சின்னஞ்சிறுசு. அதனிடமும் அப்பா செத்துவிட்டார் என்று சொல்லியிருந்தால் தானாக அழுதிருக்கும், காரியம் முடிந்திருக்கும். இவளோ பேன் பார்த்துக்கொண்டே வீட்டு விஷயம் அத்தனையும் மகளிடம் பேசுகிறவள். இதையும் சொல்லிவிட்டாள்.

“அப்பா உசுரோடதான் இருக்காரு கண்ணு. நாம பொய் சொல்றோம். யாரு கேட்டாலும் செத்துட்டாருன்னு சொல்லணும்.”

“ஏண்டி, ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா? பச்சப்புள்ள வாயில இது நிக்குமா?” என்றேன்.

“அப்பன் இல்லன்னு அது ஏங்கி ஏங்கி அழுதா, நான் எப்படிக்கா அது மொகத்துல முழிப்பேன்?”

பயந்தபடியே ஆனது. மரவள்ளிக்கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தபோது ஜப்பான் சிப்பாய்கள் லாரியில் வந்து எங்களை வரிசையில் நிறுத்தினார்கள். அவர்களுக்காகத் தமிழ் பேச டவுனிலிருந்து ஒருத்தன் வந்திருந்தான். படுபாவி, நேராகப் பிள்ளையிடம் போய் ஒரு சீனிக்கட்டியை நீட்டினான். நாங்கள் சீனியைக் கண்ணால் பார்த்தே எத்தனையோ காலம். பிள்ளை பாதியைக் கடித்துவிட்டு மீதியைப் பாவாடை நுனியில் முடிந்தது.

“மீதி யாருக்குப் பாப்பா?”

“அப்பாவுக்கு.”

மருதம்மாள் கையிலிருந்த கிழங்கு கீழே விழுந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

பிள்ளை தன் அம்மாவைப் பார்த்தது. அப்புறம் அவன் பக்கம் திரும்பி, “வெள்ளிக்கெழம படைக்கிறப்ப வைக்கணும். அப்பாவுக்குச் சீனின்னா உசுரு” என்றது.

அவன் மருதம்மாளின் வெறும் நெற்றியைப் பார்த்தான். சிப்பாயிடம் ஏதோ சொன்னான். லாரி போய்விட்டது.

“என் ராசாத்தி!” என்று ஓடிப்போய்ப் பிள்ளையைக் கட்டிக்கொண்டேன். அது என்னை உதறிவிட்டு அம்மாவிடம் போனது.

“படைக்கணும்னு சொல்லிட்டேனேம்மா. அப்பா நெசமாவே செத்துடுவாரா?”

“வாயக் கழுவு! அவரு நல்லாத்தான் இருக்காரு.”

“மண்டோருகிட்ட அழுது அழுது பொய் சொன்னியே. என்கிட்டயும் சொல்றியா?”

அன்றைக்குப் பிள்ளை கஞ்சியைத் தொடவில்லை. மறுநாள் விடிந்ததும் மருதம்மாள் மகள் கையைப் பிடித்துக்கொண்டு, விறகு பொறுக்குகிற சாக்கில் சதுப்புக்காட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

“எவனாச்சும் பாத்தா குடும்பமே போச்சுடி!”

“நான் சொல்றத அது நம்பலன்னா, அப்புறம் என்னத்தச் சொல்லிக்கா அத வளக்கப் போறேன்?”

பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. காவலுக்கு நானும் பின்னால் போனேன். சருகு சரசரத்தால்கூட உயிர் போய் உயிர் வந்தது.

பக்கிரிசாமி புதரிலிருந்து வெளியே வந்தார். தாடியும் எலும்புமாக, உடம்பெல்லாம் அட்டை கடித்த புண். பிள்ளை கிட்டே போகவில்லை. பேய் என்றே நினைத்துவிட்டதோ என்னவோ. பிறகு மெல்லப் போய், அவர் கையை நகத்தால் அழுத்திக் கிள்ளியது.

“வலிக்குதா?”

“ஐயோ, வலிக்குது தாயி!”

அதற்குப் பிறகுதான் அது ஓவென்று அழுதது. சத்தம் வெளியே போகாமல் மருதம்மாள் அதன் வாயை இறுகப் பொத்தினாள்.