உதட்டசைவே இல்லாத வரி

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

இந்த ஊரில் வருஷத்துக்கு நூற்றுக்கணக்கில் படம் எடுக்கிறார்கள். பாதிப் படங்களில் நான் இருக்கிறேன், உங்களுக்குத்தான் தெரியாது. சந்தையில் சண்டை போடும் பெண், கல்யாண வீட்டுச் சிரிப்பு, விபத்தில் "ஐயோ"... எல்லாம் நான்தான். பன்னிரண்டு வருஷமாகக் கும்பல் குரல். டப்பிங்காரர்கள் எனக்கு வைத்த பெயரே 'கும்பல்'.

அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கதாநாயகிக்குக் குரல். ஆறு மணிக்குள் அழுகைக் காட்சியை முடிக்காவிட்டால் வேறு ஆளைக் கூப்பிடுவேன் என்று இயக்குநர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

பழைய ஸ்டூடியோ. குரல் பதியும் அறைக்குக் கனத்த கதவு. உள்பக்கக் கைப்பிடி மட்டும் புத்தம் புதுசு. கதவு சாத்திக்கொள்ளாதபடி அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகியிருந்தார்கள். நான்தான் அதைக் காலால் தள்ளிவிட்டுச் சாத்தினேன். வெளிச்சத்தம் வந்தால் டேக் வீணாகிவிடும்.

மதியம் 2.10. விளக்கு அணைந்தது. திரையில் நாயகி அழுதாள். ஐந்து டேக். ஐந்திலும் என் குரல் அவள் உதட்டசைவோடு சேரவில்லை.

2.40. என் இடது தோளில் ஒரு தட்டு.

நான் பயப்படவில்லை. உதடு பிடிபடாதபோது உதவி இயக்குநர் பின்னால் வந்து நின்று, வசனம் தொடங்கும் இடத்தில் தோளில் தட்டுவது வழக்கம். தட்டியதும் பேசினேன். கச்சிதம்.

"பின்னிட்டே கும்பல்!" ஹெட்போனில் இயக்குநர்.

அடுத்த வரி. தட்டு. அதற்கடுத்தது. தட்டு. விரல்கள் மட்டும் சில்லென்று... ஏசி என்று நினைத்துக்கொண்டேன்.

3.25. கடைசி ஷாட். நாயகி முதுகைக் காட்டி நடக்கிறாள். வசனமே கிடையாது.

தட்டு.

நான் வாயைத் திறக்கவில்லை.

மறுபடி தட்டு. பலமாக...

ஹெட்போனில் ஒரு மூச்சு. என்னுடையது அல்ல.

"கதவச் சாத்தாதீங்க... நான் உள்ளதான் இருக்கேன்..."

விளக்கு எரிந்தது.

பின்னால் யாரும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இயக்குநர் அருகில் உதவி இயக்குநர் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ உள்ள வந்தியா?"

"இல்லக்கா. இங்கேர்ந்து எழுந்திரிக்கவே இல்லையே."

இயக்குநர் கண்ணைத் துடைத்தார். "எழுதாத வரி. எப்படித் தோணுச்சு உனக்கு? அப்படியே இருக்கட்டும்."

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வேலை போய்விடுமே. "சும்மா வந்துச்சு சார்" என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

வாசலில் வாட்ச்மேன் மறித்தார். "கட்டைய எடுத்துட்டீங்களாம்மா?"

அவர்தான் சொன்னார். எட்டு வருஷத்துக்கு முன், ஸ்டூடியோவுக்கு ஐந்து நாள் விடுமுறை தொடங்கிய மதியம். தோளில் தட்டும் வேலை பார்த்த பெண், வசனத் தாள்களைப் பொறுக்க உள்ளே நின்றுவிட்டாள். ஆள் இல்லை என்று நினைத்து யாரோ கதவைச் சாத்தினார்கள். உள்பக்கக் கைப்பிடி அவள் கையோடு கழன்று வந்துவிட்டது. ஆறாம் நாள்தான் திறந்தார்கள்.

"கத்தியிருப்பா. வெளிய எப்படிக் கேக்கும்? கேக்கக் கூடாதுன்னுதானே அந்த ரூமையே கட்டியிருக்கு..."

படம் வந்தது. எனக்கு வாய்ப்பு குவிகிறது. எல்லாரும் கேட்பது ஒன்றுதான். "கடைசியா ஒரு வரி பேசினீங்களே... அதே குரல் வேணும்."

நாளை மதியம் 2 மணி. அதே அறை. ஒத்துக்கொண்டுவிட்டேன்.

கட்டையை எடுத்தால்தான் டேக் எடுக்க முடியும்.