ஆறு கேட்டு வாங்கியது என்றார்கள்

அக்காவின் முதலாம் ஆண்டு ஆட்டைத் திவசத்துக்கு வந்து எங்களோடு இருந்து உண்ட உறவுகளே, வர முடியாமல் போனாலும் இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் அவரின் தங்கை எழுதுவது. இறந்தவரின் நற்குணங்களைச் சொல்லி நன்றி கூறுவது இப்படியான மலர்களின் வழக்கம். அதையும் செய்கிறேன். ஆனால் அக்கா தன் கடைசிக் காலத்தில் வீடு வீடாகப் போய் என்ன கேட்டார், ஏன் கேட்டார் என்பது உங்களில் பலருக்குப் பாதிதான் தெரியும். மீதியை ஊர் தன் விருப்பத்துக்குச் சொல்லி முடித்துவிட்டது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்கா குருமண்வெளியில், ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள வீட்டு வளவில் பிறந்தார். புத்தகத்தில் வாவி என்று எழுதினாலும் எங்களுக்கு அது ஆறுதான். அண்ணனுக்கு அடுத்தவர் அக்கா. பிறகு நான். கடைசியாகத் தம்பி. அப்பாவுக்கு மறுகரையில், படுவான்கரையில், வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளியில் கொஞ்சம் நிலம் இருந்தது. சூறாவளி அடித்த வருடம் தென்னைகளும் வீட்டுக் கூரையும் ஒன்றாகப் போயின. அதன் பிறகுதான் அக்காவுக்குத் தபால் கந்தோரில் வேலை கிடைத்தது. போர் நடந்த பிரச்சினைக் காலத்தில் வயலுக்குப் போக முடியாமல் அப்பா முடங்கிக் கிடந்தபோது எங்கள் உலையில் வெந்தது அக்காவின் சம்பளம்.

காணாமற்போன பிள்ளைகளின் தாய்மார் கந்தோருக்கு வந்து, "கடிதம் ஒண்டும் வரல்லயா மகள்?" என்று கேட்பார்கள். அக்கா இல்லை என்று எடுத்தவாக்கில் சொன்னதேயில்லை. உள்ளே கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, வேறு கதை கதைத்து, அவர்கள் தாமாகவே விளங்கிக்கொண்டு எழும்பிப் போகும் வரைக்கும் பொறுத்திருப்பார்.

தம்பியின் சாவைச் சொல்லாமல் அக்காவின் கதையைச் சொல்ல முடியாது. எங்கள் நால்வரில் நன்றாக நீந்துபவன் அவன்தான். காற்றே இல்லாத ஒரு முற்பகலில் குளிக்கப் போனவனைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். இடுப்பளவுத் தண்ணீர். அம்மா அழவில்லை. "ஆறு கேட்டு வாங்கிற்று" என்று மட்டும் சொன்னார். அம்மாவின் மாமாவும் அதே ஆற்றில் போனவர். முன்னோர் ஒருவர் கோயிலுக்கு வைத்த நேர்த்தியைச் செய்யாமல் விட்டதால், தலைமுறைக்கு ஒருவரை ஆறு எடுக்கும் என்பது அம்மா கேட்டு வளர்ந்த கதை. ஊரும் எங்களை 'ஆத்துக்கு நேர்ந்த குடும்பம்' என்றுதான் குறிப்பிடும். அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் அந்தப் பேரைக் கேட்டு ஒவ்வொருவராக விலகினார்கள். அக்கா கலியாணம் செய்யாமலே இருந்துவிட்டார். அதற்காக அவர் யாரையும் நொந்து நான் கேட்டதில்லை.

அக்கா ஓய்வு பெற்ற பிறகு, கனடாவில் இருக்கும் எங்கள் சித்தியின் மகள் ஒரு நாள் தொலைபேசியில், "பிள்ளைகள் எங்கட பரம்பரையைக் கேக்குதுகள் அக்கா, தெரிஞ்சதைச் சொல்லுங்கோ" என்றாள். அப்படித்தான் தொடங்கியது. அக்காவுக்கு அது பெரிய சந்தோசமாக இருந்தது. எங்கள் பக்கத்தில் குடி எனப்படும் வம்சப் பிரிவு தாய் வழியாக வருவது. ஆகவே அக்காவும் தாய் வழியைப் பிடித்துக்கொண்டு போனார். அம்மாவின் தாய், அவரின் தாய் எங்கள் பூட்டி. பூட்டி மண்டூர்ப் பக்கத்திலிருந்து ஆற்றைக் கடந்து வந்தவர் என்பது மட்டும் தெரியும். ஏன் வந்தார், யாரை விட்டுவிட்டு வந்தார் என்று எவரும் சொன்னதில்லை. குருமண்வெளித் துறையில் பாதை ஏறினால் சிறிது நேரத்தில் மண்டூர். பாதை என்றால் ஆற்றைக் கடக்கும் மிதவைப் படகு. அத்தனை கிட்ட இருந்த சொந்தத்தை அம்மா ஒருநாளும் தேடிப் போனதில்லை, எங்களைப் போகவும் விட்டதில்லை.

அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் குடியைச் சேர்ந்த முதியவர் ஒருவரின் வீட்டைக் கண்டுபிடித்தோம். எங்களை இருக்கச் சொல்லி, வெற்றிலைத் தட்டு வைத்து, பூட்டியின் கூடப்பிறந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள் என்று பேர்களைத் தடங்கலில்லாமல் சொன்னார். அவர்கள் எப்படி இறந்தார்கள் என்று அக்கா கேட்டதும் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பேரைக் கேளு புள்ள, சொல்றன். செத்த விதத்தக் கேக்காத."

"ஏன் பெரியப்பா?"

"கேட்ட வீட்டுக்கும் அது வரும். உன்ர பூட்டி ஏன் அங்கால போனவ எண்டு நினைக்கா? மூத்த மகன் ஆத்துல போனதும் ஊரே அவவக் கண்டா ஒதுங்கினது. கைக்குழந்தையத் தூக்கிற்று விடியக்குள்ளயே தோணி ஏறிற்றா. கிறுகித் திரும்பியும் பாக்கல்ல."

நான் அப்போதே திரும்பிவிட வேண்டும் என்று நினைத்தேன். எழும்பியும்விட்டேன். அக்கா மட்டும் எழும்பவில்லை. அவர் விடாமல் கேட்கக் கேட்க, முதியவர் அரைகுறையாகச் சொன்னார். ஆற்றில் போனவர்கள் எல்லோரும் நல்ல நீச்சல்காரர்கள். எவரும் ஆழத்தில் போகவில்லை. கடைசியாக, வேண்டாவெறுப்பாக, ஒரு பெண்ணின் கதையைச் சொன்னார். பயிருக்குள் இறங்கிய மாட்டை விரட்டிக்கொண்டு ஓடியவள் வரம்பிலேயே விழுந்து செத்தாளாம்.

"அங்க தண்ணி இரிந்ததா?" என்று அக்கா கேட்டார்.

"தண்ணி எங்க? அறுவடைக்கு விட்ட வயல். காஞ்சி கிடந்தது."

பாதையில் திரும்பி வரும்போது அக்கா ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "தண்ணி இல்லாத இடத்துல ஆறு எப்படி வந்து எடுத்தது?" என்றார்.

அடுத்த நாளே, தம்பி இறந்தபோது கரையில் வலை உலர்த்திக்கொண்டு நின்றவரைத் தேடிப் போனார். அவர் இப்போது கண் பார்வை மங்கி வீட்டோடு இருக்கிறார். "கத்தல்ல, கை காலடிக்கல்ல" என்றார் அவர். "நீந்திப் போன பொடியன் அப்பிடியே நிண்டுட்டான். தண்ணிக்குள்ள தாழ்ந்ததுக்குப் பிறகு செத்தவனில்ல புள்ள, செத்ததுக்குப் பிறகு தாண்டவன்."

அக்கா இதையெல்லாம் கொண்டுபோய் மட்டக்களப்பில் ஒரு இருதய வைத்தியரிடம் சொன்னார். அந்த இளம் வைத்தியர் இடைமறிக்காமல் கேட்டார். பிறகு அக்காவைப் படுக்க வைத்து ஈ.சி.ஜி. எடுத்தார். அந்தக் கடதாசியைக் கையில் பிடித்தபடி தன் கதிரையை அக்காவின் பக்கம் இழுத்துப் போட்டார்.

"உங்கட ஆக்கள ஆறு கொல்லல்ல அம்மா" என்றார். "நெஞ்சுக்குள்ள ஓடுற மின்சாரத்துல பிறவிக் கோளாறு ஒண்டு. ஆளைப் பாத்தா தெரியாது. நீந்தக்குள்ள, ஓடக்குள்ள, பெரிசாப் பதறக்குள்ள தாளம் தப்பி நெஞ்சு நிண்டுரும். தாயிட்ட இருந்தோ தகப்பனிட்ட இருந்தோ பிள்ளைக்கு வரும். எல்லாப் பிள்ளைக்கும் வராது. வந்த எல்லாரும் சாகிறதுமில்ல."

"எனக்கு இரிக்கா டொக்டர்?"

"இரிக்கு."

எனக்குப் பார்த்தபோது இல்லை என்றார்கள். அக்காவுக்குக் குளிசை எழுதி, நீந்தக் கூடாது, ஓடக் கூடாது, கண்ட மருந்தைக் குடிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். பஸ்ஸில் வரும்போது, களுவாஞ்சிக்குடி தாண்டியதும், அக்கா என் கையைப் பிடித்தார்.

"சாபமெண்டு இரிந்தா மனம் ஆறும். ஒண்டும் செய்யேலாது எண்டு விட்டுரலாம். இது குளிசைக்கு அடங்குமெண்டு சொல்றாரே. அப்ப தம்பி இரிந்திருப்பான்."

அன்றிலிருந்து அக்காவின் தேடல் வேறாகிவிட்டது. முன்பு இறந்தவர்களைத் தேடினார். இப்போது உயிரோடு இருப்பவர்களைத் தேடினார். சில வீடுகளில் வரவேற்றார்கள். பல வீடுகளில் முற்றத்தில் வைத்தே அனுப்பினார்கள். கலியாணத்துக்குரிய குமர்ப்பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அவரைக் கண்டதும் கதவு சாத்தப்பட்டது. அதில் ஒன்று எங்கள் அண்ணனின் வீடு.

அண்ணனின் மகள் தர்ஷினிக்குக் களுவாஞ்சிக்குடியில் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் ஓடும்போது அவள் ஒரு தடவை மயங்கி விழுந்தவள். வெயில் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அக்கா அதை நினைவுபடுத்தி, பிள்ளைக்குச் சோதித்துப் பார்க்க வேண்டும், மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்ல வேண்டும் என்றார்.

"கலியாணம் முடியட்டும், மறுகா பாப்பம்" என்றார் அண்ணன்.

"அதுக்குள்ள ஒண்டு நடந்தா?"

"நடக்குமெண்டு நீ வாய் வைக்காத! இந்தக் கதையால உன்ர வாழ்க்கை கெட்டது காணாதா? என்ர புள்ளையையும் மூலையில இருத்தப் போறியா?"

அக்காவின் முகம் செத்துப்போனது. ஆனாலும் குரலை உயர்த்தாமல் சொன்னார். "மூலையில இரிந்தாலும் உயிரோட இரிக்கட்டும் அண்ணா."

உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்த தர்ஷினி எவரிடமும் கேட்காமல் அடுத்த கிழமை அக்காவோடு மட்டக்களப்புக்குப் போனாள். அவளுக்கும் இருந்தது. அவளே மாப்பிள்ளையிடம் சொன்னாள். அவர் நல்ல மாதிரித்தான் கதைத்தார். பிறகு அவரின் பெற்றோர் கலியாணம் வேண்டாம் என்று தட்டம் திருப்பி அனுப்பினார்கள். அண்ணன் அக்காவோடு கதைப்பதை நிறுத்தினார். கோயிலில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஊரில், 'அந்த மனிசி போற வீட்டுல கலியாணம் குழம்பும்' என்று சொல்லத் தொடங்கினார்கள்.

மண்டூரில் பூட்டியின் தங்கை வழியில் வந்த தங்கப்பிள்ளை என்பவர் இருக்கிறார். வயதில் அக்காவை விட இளையவர், முறையில் எங்களுக்குச் சின்னம்மா. வரம்பில் விழுந்து இறந்தவள் அவரின் கூடப்பிறந்த தமக்கை. அவரின் மகன் கஜன் பாசிக்குடாவில் வெளிநாட்டவரைப் படகில் கொண்டுபோய், கடலில் இறங்கி நீந்திப் பவளப்பாறை காட்டும் வேலையில் இருந்தான். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. தொலைபேசியில் கோல் எடுத்தால் சின்னம்மா துண்டிப்பார். மாரி தொடங்கிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை, மழை விட்ட இடைவெளியில் அக்கா சேலை மாற்றிக்கொண்டு வெளிக்கிட்டார். துறை வரைக்கும் பின்னாலேயே போனேன். ஆறு கலங்கி, சல்பீனியா நீர்ச்செடிக் கூட்டங்களை இழுத்துக்கொண்டு ஓடியது.

"வெள்ளம் வடியட்டும் அக்கா. மண்டூர் வட்டையெல்லாம் தண்ணியாம்."

"வடியுமட்டும் அவன் கடலுக்குள்ள இறங்காம இரிப்பானா?"

"உங்களுக்கு ஒண்டு நடந்தா?"

"நான் நீந்தவா போறன்? நடக்கத்தானே போறன். குளிசையும் போட்டிரிக்கன். போய்ற்று வாறன்."

அதற்குப் பிறகு நடந்தது சின்னம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். சின்னம்மா வீட்டுக்குப் போகும் ஒழுங்கைச் சந்தில் முழங்காலுக்கு மேல் வெள்ளம். இழுத்த தண்ணீருக்குள் அக்கா வேலியைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்ததைச் சின்னம்மா சன்னலால் பார்த்தார். கதவைத் திறக்கவில்லை. அக்கா படியில் நின்று, மூச்சு வாங்க வாங்க, கதவுக்கு வெளியிலிருந்தே சொன்னார்.

"சின்னம்மா, உங்கட அக்காவ மாடு முட்டல்ல, பேயும் அடிக்கல்ல. நெஞ்சு நிண்டது. என்ர தம்பிக்கும் அதுதான். கஜனை ஒருக்கா நெஞ்சைச் சோதிக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் கடலுக்குள்ள இறங்க விடாதீங்க. எனக்குக் கதவு திறக்க வேணாம். இதை மட்டும் செய்யுங்க."

சின்னம்மா கதவைத் திறந்தபோது அக்கா படியில் உட்கார்ந்து தூணில் சாய்ந்திருந்தார். தண்ணி வேண்டுமா என்று கேட்டார். அக்கா தலையாட்டினார். செம்போடு திரும்பி வரும்போது, சாய்ந்தபடியே அக்காவின் உயிர் பிரிந்திருந்தது.

அன்று மாலை பாதைப் படகை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் மண்டூர்த் துறையாட்கள் தங்கள் தோணிகள் இரண்டைச் சேர்த்துக் கட்டி, அந்த வெள்ளத்தில் அக்காவை எங்கள் கரைக்குக் கொண்டுவந்தார்கள். தோணியில் அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு சின்னம்மா வந்தார். கரையில் அண்ணன் நின்றார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கப் போனவரை, "அப்பா, நீங்க இறங்காதீங்க!" என்று தர்ஷினி கத்திப் பிடித்து இழுத்தாள். அந்த ஆற்றங்கரையில் அண்ணன் குழந்தை மாதிரி அழுததைப் பார்த்தவர்கள் இந்த மலரைப் படிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். கொள்ளி வைத்தவர் அவர்தான். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்ததும் அவரும் வைத்தியரிடம் போனார். எதிர்பார்த்தபடியே அவருக்கும் இருக்கிறது.

கஜன் செத்தவீட்டுக்கு வந்தபோது நாங்கள் அவனைத் திரும்பிப் போக விடவில்லை. சோதனையில் அவனுக்கும் இருந்தது. சில மாதங்களுக்கு முன் நீந்தும்போது கண் இருண்டு, படகைப் பிடித்துத் தப்பியதை அப்போதுதான் தாயிடம் சொன்னான். இப்போது அதே பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் சமையலறையில் வேலை செய்கிறான். குளிசையைத் தவறவிடுவதில்லை என்று சின்னம்மா சொல்கிறார்.

அக்காவை வெள்ளத்தில் கடத்தித் தந்த மண்டூர்த் துறையாட்களுக்கும், எந்த நேரமும் எங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் அந்த வைத்தியருக்கும், மழைக்குள் பந்தல் போட்டு, சமைத்துத் தந்து, மூன்றாம் நாள் வரைக்கும் எங்களை விட்டு அகலாத அயலவர்களுக்கும், கனடாவிலிருந்து உதவிய சித்தியின் மகளுக்கும், அக்காவை முற்றத்திலிருந்து அனுப்பிவிட்டு இப்போது தங்கள் பிள்ளைகளைச் சோதிக்கக் கொண்டுபோன உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஒன்று மட்டும் மிச்சம். பூட்டிக்கு இன்னொரு தங்கை இருந்தார். ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து புடவை விற்க வந்த ஒருவரைக் கட்டி, அவரின் இஸ்லாம் மார்க்கத்தில் சேர்ந்து, பேரையும் மாற்றிக்கொண்டு போனதாகச் சொல்கிறார்கள். அவரின் புதுப் பேர் எவருக்கும் தெரியாது. அக்கா ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் பலரிடம் கேட்டார். கண்டுபிடிக்க முடியவில்லை. நானும் தர்ஷினியும் இப்போது கேட்டுக்கொண்டு திரிகிறோம். நன்றாக நீந்தத் தெரிந்தவர் இடுப்பளவுத் தண்ணீரில் இறந்தார், ஓடிய பிள்ளை காரணமில்லாமல் விழுந்தது என்று உங்களுக்குத் தெரிந்த எந்தக் குடும்பத்திலாவது சொல்லக் கேட்டிருந்தால், தயவுசெய்து எங்களிடம் சொல்லுங்கள். அந்தத் தங்கையின் வழிவந்த வீட்டில் ஒருவருக்கும் இது தெரியாது. அங்கே யாராவது இன்றைக்கும் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போயிருப்பார்கள்.